ஒட்டினால் போதுமா?



கடந்த செப்டம்பரில் நம் மாணவர் பேரவைக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது, ஞாபகம் இருக்கும். ஆண்டுதோறும் நாம் நடத்துகிற இலவச சைக்கிள் பழுதுபார்க்கும் முகாமில், இனிமேல் விரிசல் விட்ட அலுமினிய ஃபிரேம்களையும் பத்த வைத்துக் கொடுக்கலாமே என்பதுதான் அது. "யார் யார் சம்மதம்?" என்று செயலாளர் கேட்டபோது முதலில் எழுந்த கை என்னுடையது. அதோடு நின்றேனா? "ஆர்கான் மெஷினுக்கு நான் ஏற்பாடு பண்றேன்" என்று மார் வேறு தட்டினேன். முகாம் வருகிற கோடையில். அதற்கு முன்னால் இந்த மலரில் எழுதிவிட வேண்டும் என்று பேனாவை எடுத்திருக்கிறேன். எதற்கு? தூக்கிய கையை இறக்கிக்கொள்வதற்குத்தான்!

"என்னடா, பேச்சு மாறுகிறாயே?" என்பீர்கள். ஆமாம், மாறுகிறேன். ஏன் என்று கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

என் அறை நண்பனை உங்களில் பலருக்குத் தெரியும். ஆறடிக்குக் குறையாத ஆள். மாலையில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை பார்த்து, மிச்சம் பிடித்த காசில் பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினான். அலுமினிய ஃபிரேம். வண்டி அவனுக்குக் கொஞ்சம் சின்னது. அதனால் சீட்டை ஒரேயடியாக உயர்த்தி வைத்து, ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்த மாதிரி போய் வருவான். நாங்கள் கேலி செய்வோம். அந்தக் கேலிக்குள் எவ்வளவு பெரிய விஷயம் இருந்தது என்பது அப்போது ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் "டேய், வண்டி முனகுதுடா" என்றான். மண்ணைத் துடைத்துப் பார்த்தால், மேல் குழாயும் சீட் குழாயும் சேருகிற இடத்தில் முடி மாதிரி ஒரு கோடு. "பெயின்ட் உரிஞ்சிருக்கு" என்றான் அவன். நான் நகத்தால் தடவினேன். நகம் மாட்டியது. விரிசல்!

நிற்க. என்னைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கோடை விடுமுறைகளைக் கோவை கணபதி பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் கழித்தவன் நான். ஆர்க், கேஸ், ஆர்கான் மூன்றும் கை வந்திருந்தது. பால் கேன், மெஷின் கவர், அலுமினியத் தொட்டி எல்லாம் ஒழுகாமல் பத்த வைத்தவன். வகுப்பில் வெல்டிங் பிராக்டிகலில் முதல் மார்க். போதாதா? தலை கனத்துப் போயிருந்தது.

சைக்கிளைப் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போனேன். அங்கே முப்பது வருஷமாக வேலை செய்கிற மேஸ்திரி அண்ணன் விரிசலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "வேண்டாங் கண்ணு" என்றார்.

"ஏனுங்கண்ணா? ஆர்கான்ல வராதா?"

"வராமென்ன, வரும். தொட்டி ஒழுகுனா தண்ணிதான் போகும். ஃபிரேமு போனா ஆளு போயிருவான். நான் ஃபிரேமைத் தொடறதில்லை."

எனக்கு அது பயந்தாங்கொள்ளித்தனமாகத் தெரிந்தது. படிக்காத மனிதர், அவருக்கு என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன். (இதை எழுதவே கூசுகிறது.) ஞாயிற்றுக்கிழமை பட்டறை ஓய்ந்திருந்தபோது, முதலாளியிடம் "சின்ன வேலைங்க" என்று சாவி வாங்கி, நானே உட்கார்ந்துவிட்டேன்.

பாடத்தில் சொன்னபடி எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன். அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகும். அதன் மேல் படிந்திருக்கிற ஆக்சைடு படலமோ 2,000 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும். படலத்தை எடுக்காமல் சூடேற்றினால் தோல் அப்படியே இருக்க, உள்ளே கூழாகிவிடும். ஆகவே பெயின்டைச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, இரும்பு படாத தனி ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்த்தேன். விரிசலை அரத்தால் 'வி' வடிவில் அராவினேன். படலத்தை உடைப்பதற்காக ஏ.சி. கரண்ட். காற்றுப் படாமல் இருக்க ஆர்கான். சிலிக்கான் கலந்த 4043 ஃபில்லர் ராடு. அலுமினியம் இரும்பைப்போலச் சிவந்து காட்டாது. திடீரென்று பளபளத்து உருகி ஓடிவிடும். அதையும் ஓட விடாமல் பிடித்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால்... ஒரு ரூபாய் நாணயங்களைச் சாய்த்து அடுக்கி வைத்தது போல அத்தனை அழகு! செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டேன். உங்களில் எத்தனை பேர் "சூப்பர்டா" என்று போட்டீர்கள்!

ஒரே ஒரு சங்கடம். கழற்றி வைத்திருந்த சீட் போஸ்ட் திரும்ப உள்ளே போக மறுத்தது. சூட்டில் குழாய் கொஞ்சம் கோணியிருக்கிறது. எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து, பழையபடியே அதே உயரத்துக்கு நிறுத்தி முடுக்கினேன். அந்த வாரம்தான் பேரவைக் கூட்டம். கை ஏன் முதலில் எழுந்தது என்று இப்போது புரிகிறதா?

பத்தொன்பதாவது நாள். ராத்திரி எட்டரை மணி. வேலை முடிந்து வந்தவன் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியிருக்கிறான். சீட்டோடு சேர்ந்து குழாயின் மேல் பாகம் பிய்ந்து வந்துவிட்டது. பின்புறமாக விழுந்து வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதுகிற தைரியம் எனக்கு இருந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவன் என்னைப் பார்த்ததும் என்ன சொன்னான் தெரியுமா? "டேய், நீ பத்த வச்சது பிரியலைடா. அது அப்படியே இருக்கு. பக்கத்துலதான் போயிருச்சு." எனக்கு ஆறுதல் சொல்கிறானாம்! இரண்டு வாரத்தில் லேத் பிராக்டிகல். எழுத்துத் தேர்வென்றால் வேறு ஆளை வைத்து எழுதலாம். லேத்தில் வேறு ஆள் நின்று கடைய முடியுமா? அவனுக்கு ஒரு அரியர் விழுந்தது. கடை வேலையும் போயிற்று. அவன் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

ஆனால் அவன் சொன்ன அந்த வார்த்தை மண்டையைக் குடைந்தது. ஒட்டின இடம் இருக்கிறது, பக்கத்தில் போய்விட்டது. ஏன்?

உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு மெட்டலர்ஜி சாரிடம் போனேன். அவர் திட்டவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார். அந்த மூன்று கேள்விகளை உங்களிடம் ஒப்படைக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதல் கேள்வி: "இது என்ன உலோகம்?"

"அலுமினியம் சார்" என்றேன். "என்ன அலுமினியம்?" என்றார். விழித்தேன். துண்டைத் திருப்பிக் காட்டினார். ஸ்டிக்கரில் 6061 என்று அச்சாகியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதை நான் சைக்கிளின் மாடல் நம்பர் என்று நினைத்திருந்தேன்!

6061 என்பது மெக்னீசியமும் சிலிக்கானும் கலந்த அலுமினியக் கலவை. அதற்குப் பலம் பிறவியில் வருவதில்லை, சூளையில் வருகிறது. ஏறக்குறைய 530 டிகிரிக்குச் சூடாக்கினால் கலந்த பொருள்கள் உள்ளே கரைந்துவிடும். சட்டென்று தண்ணீரில் முக்கினால் கரைந்தபடியே சிக்கிக்கொள்ளும். பிறகு 175 டிகிரி வாக்கில் எட்டு மணி நேரம் போல வைத்திருந்தால், மெக்னீசியம் சிலிசைடு கண்ணுக்குத் தெரியாத பொடித் துகள்களாகப் பிரிந்து, உலோகம் முழுக்க முளை அடித்தது போல நின்று, அதை நெளியவிடாமல் பிடித்துக்கொள்ளும். இந்த நிலைக்கு டி6 என்று பெயர். சர்க்கரைப் பாகு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சர்க்கரைதான், ஆற விடுகிற பக்குவத்தில் பொடியாகவும் உறையும், கல்கண்டாகவும் கட்டிக்கொள்ளும். இங்கே பொடியாக இருந்தால்தான் பலம்.

இந்தப் பக்குவத்தை 1906-இல் கண்டவர் ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானியர். தண்ணீரில் முக்கிய அலுமினியக் கலவை சில நாள் சும்மா கிடந்த பிறகு முன்னைவிடக் கடினமாகியிருந்ததைப் பார்த்து வியந்தார். அப்படிப் பிறந்ததுதான் டியூராலுமின்.

நான் என்ன செய்தேன்? சூளை கொடுத்த பலத்தை என் டார்ச்சால் அழித்தேன். பத்த வைத்த இடத்தைச் சுற்றி ஏறக்குறைய ஒரு அங்குலம் வரைக்கும் அந்தப் பொடித் துகள்கள் கரைந்தும் கட்டி தட்டியும் போய்விடுகின்றன. கணக்கில் சொன்னால், டி6 நிலையில் 6061-இன் இழுவிசைத் தாங்குதிறன் 310 மெகா பாஸ்கல். பத்த வைத்த பிறகு கட்டுமானக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது 165-தான். பாதிக்குக் கொஞ்சம் மேலே! என் நாணய அடுக்கு அழகாகத்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் நான் உண்டாக்கிய பலவீனம்தான் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அப்படியானால் கம்பெனியில் எப்படி பத்த வைக்கிறார்கள்?" என்று கேட்டேன். பத்த வைத்த பிறகு முழு ஃபிரேமையும் சூளையில் வைத்து, முக்கி, கோணலை நிமிர்த்தி, மறுபடி வேக வைக்கிறார்கள். நாம் அதைச் செய்ய முடியுமா? 530 டிகிரியில் வைக்க வேண்டும். 580 தாண்டினால் உருக ஆரம்பித்துவிடும். இடைவெளி அவ்வளவுதான். தண்ணீரில் முக்கும்போது மெல்லிய குழாய் முறுக்கிக்கொள்ளும், அதை நிமிர்த்த அளவுச் சட்டம் வேண்டும். 7005 என்று துத்தநாகம் கலந்த இன்னொரு வகை இருக்கிறது. அது பத்த வைத்த பின் சாதாரண வெப்பத்திலேயே சில வாரங்களில் பலத்தில் பெரும்பகுதியைத் தானாகத் திரும்பப் பெறும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஸ்டிக்கர் உரிந்த பழைய வண்டியில் எதை எது என்று சொல்வீர்கள்?

இரண்டாவது கேள்வி: "ஏன் உடைந்தது?"

இதை நான் கேட்கவே இல்லை! எந்த டாக்டராவது காய்ச்சல் ஏன் வந்தது என்று கேட்காமல் ஊசி போடுவாரா? சார் சீட் போஸ்ட்டைக் கையில் எடுத்தார். அதில் ஒரு கோடு இருக்கிறது. இதற்கு மேல் வெளியே இழுக்காதே என்று போட்ட எல்லைக் கோடு. என் நண்பனின் போஸ்ட்டில் அந்தக் கோடு குழாய்க்கு வெளியே இரண்டு விரல் உயரத்தில் நின்றது. போஸ்ட்டின் கீழ் முனை, மேல் குழாய் வந்து சேருகிற இடத்தைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்க வேண்டும். அது மேலேயே நின்றதால், ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் எடை கடப்பாரை போட்டு நெம்புவது போல அந்த இணைப்பை நெம்பியிருக்கிறது.

இரும்புக்கு ஒரு குணம் உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே நெம்பினால் லட்சக்கணக்கான தடவை நெம்பினாலும் தாங்கிக்கொண்டே இருக்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சின்னச் சின்ன நெம்புதல்கூடக் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். களைப்பு என்று பாடத்தில் படித்தோமே, அதுதான். 1954-இல் பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு, ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக, நடுவானில் சிதறின. இன்னொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, திரும்பத் திரும்ப அழுத்தம் ஏற்றி இறக்கிப் பார்த்துத்தான் அலுமினியத் தகட்டின் களைப்பு என்று கண்டுபிடித்தார்கள். விமானத்தையே வீழ்த்திய களைப்புக்கு முன்னால், பலத்தைப் பாதியாக்கி, சீட்டையும் அதே உயரத்தில் நிறுத்திய என் வேலை எம்மாத்திரம்? பத்தொன்பது நாள் தாங்கியதே அதிகம்.

மூன்றாவது கேள்வி: "மறுபடி உடைந்தால் விழப்போவது யார்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன். மேஸ்திரி அண்ணன் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டுதான் "வேண்டாங் கண்ணு" என்றிருக்கிறார். 6061-ம் தெரியாது, டி6-ம் தெரியாது. ஆனால் முப்பது வருஷத்தில் திரும்பி வந்த உடைசல்களை அவர் பார்த்திருக்கிறார். முடியாது என்று சொல்வதும் தொழிலில் ஒரு பாடம். அது நம் சிலபஸில் இல்லை.

இப்போது சிலர் கேட்கலாம். "காசு உள்ளவன் புது ஃபிரேம் வாங்குவான். இல்லாதவன் என்ன செய்வான்? எதையும் தூக்கிப் போடாமல் சரி செய்வதுதானே நம் ஊர்ப் பெருமை? நீ என்ன, கம்பெனிக்காரன் மாதிரிப் பேசுகிறாய்?"

நியாயமான கேள்வி. நானும் அந்த இல்லாத வீட்டிலிருந்து வந்தவன்தான். என் அப்பாவின் சைக்கிள் மூன்று தடவை பித்தளை வைத்துப் பத்த வைக்கப்பட்டது, இன்றும் ஓடுகிறது. ஆனால் அது இரும்பு. அந்தக் காலத்து ஃபிரேமே லக் வைத்துப் பித்தளையால் ஒட்டியதுதான். அதை மறுபடி ஒட்டினால் ஏறக்குறைய பழைய நிலைக்கே வருகிறது. அலுமினியத்தில் நாம் ஒட்டுவது வெளித்தோற்றத்தை மட்டுமே. இல்லாதவன்தான் விழக்கூடாது, நண்பர்களே! கை முறிந்தால் கூலி போகிறது, ஆஸ்பத்திரிக்கு எழுகிறது, தேர்வு போகிறது. என் நண்பனுக்குச் செலவான தொகைக்குப் பழைய இரும்புச் சைக்கிள் இரண்டு வாங்கியிருக்கலாம். இலவசமாகக் கொடுக்கிறோம் என்பதற்காக ஆபத்தைக் கொடுக்க நமக்கு உரிமை கிடையாது.

அலுமினியத்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு தாங்கி இவை உடைந்தால் தாராளமாகப் பத்த வைப்போம். உடைந்தால் மூட்டைதான் விழும். ஃபிரேம், ஹேண்டில்பார், முன் ஃபோர்க் இவற்றின் மேல் உயிர் உட்கார்ந்திருக்கிறது. என்ன கலவை என்று தெரிந்து, சூளை இருந்து, அளவுச் சட்டம் இருந்து, சோதித்தும் பார்க்கிறவர்கள் செய்யட்டும். நம்மிடம் அவை இல்லை.

ஆகவே முகாமுக்கு என் மாற்று யோசனை இதுதான். அலாய் சைக்கிள் வந்தால், கழுவித் துடைத்து இணைப்புகளைச் சோதித்துக் கொடுப்போம். சந்தேகம் இருந்தால் சாயம் போட்டுப் பார்ப்போம்: சுத்தம் செய்யும் திரவம், சிவப்புச் சாயம், வெள்ளைப் பூச்சு என்று மூன்று டப்பா போதும், விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும்பிவிடும். சீட் போஸ்ட்டின் எல்லைக் கோட்டைப் பார்த்து, வெளியே நின்றால் இறக்கி வைப்போம், அல்லது நீளமான போஸ்ட் வாங்கச் சொல்லுவோம். இது ஒரு நிமிஷ வேலை. என் நண்பனுக்கு ஒருவராவது இதைச் செய்திருந்தால் விரிசலே வந்திருக்காது. விரிசல் கண்டால் உரியவரிடம் நேருக்கு நேர் சொல்வோம்: "இதை இனி ஓட்டாதீங்க." இரும்பு ஃபிரேம் வந்தால் மகிழ்ச்சியோடு பத்த வைப்போம்.

இன்னொன்று. நம் லேபில் ராக்வெல் மெஷின் தூசி படிந்து நிற்கிறது. அதில் நானும் என் நண்பனும் ஒரு சோதனை செய்தோம். 6061 பட்டை ஒன்றைக் குறுக்கே பத்த வைத்து, ஓரத்திலிருந்து பத்த வைத்த கோடு வரை வரிசையாகக் கடினத்தைப் பார்த்தோம். தூரத்தில் நன்றாக நின்ற முள், கோட்டை நெருங்க நெருங்க இறங்கியதைக் கண்ணால் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. பத்துப் பக்கம் படித்தும் ஏறாதது அந்த ஒரு மணி நேரத்தில் ஏறியது. அந்தப் பட்டையைக் குறிப்போடு முகாம் வாசலில் வைக்கலாம். இந்தச் சோதனையை எல்லோருக்கும் பிராக்டிகலாகத் தர வேண்டும் என்று பேரவை துறைத் தலைவரிடம் கேட்க வேண்டும்.

மேஸ்திரி அண்ணனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "நாங்கூட ஒண்ணு அப்படிப் பத்த வெச்சவந்தான் கண்ணு" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வாரம் என் நண்பன் ஒரு பழைய இரும்புச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். பின் கவையில் ஒட்டு விட்டிருந்தது. "பத்த வைடா" என்றான். எனக்குக் கை நடுங்கியது. "என்கிட்டயா?" என்றேன். "வேற யார்கிட்ட?" என்றான். என்ன உலோகம் என்று பார்த்தேன். ஏன் விட்டது என்று பார்த்தேன். கேரியரில் அளவுக்கு மீறிய சுமை. விழப்போவது யார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பிறகுதான் டார்ச்சைப் பற்ற வைத்தேன்.

நண்பர்களே, நாளை நாம் பட்டறை வைப்போம், ஃபேக்டரியில் நிற்போம். நம் கையெழுத்து இல்லாமலே நம் வேலை ஊரெல்லாம் ஓடும். பத்த வைப்பதற்கு முன் இந்த மூன்று கேள்விகளைக் கேட்போம். பதில் தெரியாவிட்டால், "முடியாதுங்க" என்று சொல்லப் பழகுவோம்!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை